மாலை போடப் போன கேப்டன்

ஜெயராமன் அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். பத்தொன்பது வருடமாக இயக்குவதற்கு அங்கே பெரிதாக எதுவும் இருந்ததில்லை. கால்பந்து அணி ஆண்டுதோறும் மண்டலப் போட்டிக்குப் போகும், முதல் சுற்றிலேயே தோற்கும், திரும்பும் வழியில் வடலூரில் இறங்கிப் பரோட்டா தின்றுவிட்டு வீடு வந்து சேரும். அந்தத் தோல்வியில் ஒரு நிம்மதி இருந்தது. யாரும் மேடை போட வேண்டியதில்லை.

இந்த வருடம் அந்த நிம்மதியை வளவன் கெடுத்துவிட்டான். பக்கத்துக் கிராமமான வடக்குத்துப் பையன், மூன்றாம் ஆண்டு, அணியின் கேப்டன். அவன் காலில் பந்து பட்டால் எதிர் அணிக் கோல்கீப்பர் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவான். அப்படியே அணியை இறுதி ஆட்டம்வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டான், அதுவும் சொந்த மைதானத்துக்கு.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இறுதி ஆட்டத்துக்குத்தான் வருவார்கள். அந்த அணியில் ஆடியவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் பர்மனென்ட் வேலைக்கு ஒரு வழி உண்டு. வளவனுக்கு இதுதான் கடைசி வருடம்.

"எங்கப்பா நான் பொறந்ததுலேர்ந்து நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டாவே இருந்துகினு கீறாரு சார். என்னைய எடுத்துட்டாங்கன்னா போதும், வூடே நிமிந்துரும்."

"எடுப்பாங்கடா. நான் இருக்கேன்ல?" என்றார் ஜெயராமன்.

கல்லூரிச் செயலர் கொளஞ்சிநாதனுக்குக் கோப்பையைவிடச் சிறப்பு விருந்தினர்மேல்தான் கண். சென்னைத் தொழிலதிபர் ஒருவர், செயலர் வாய்க்கு 'தலைவர்', வருகிறார், மனம் குளிர்ந்தால் மைதானத்துக்குக் கூரையோடு கேலரி கட்டித் தருவார் என்று நம்பிக்கை. ஆடுகிற அணியைவிட வரவேற்புக் குழுவில் ஆள் அதிகமாக இருந்தது.

தேர்வாளர்கள் இரண்டு பேர் மதியமே வந்துவிட்டார்கள். அவர்கள் மனமும் குளிரட்டுமே என்று ஜெயராமன்தான் மந்தாரக்குப்பத்தில் பிரியாணிக்கு ஏற்பாடு செய்தார். மட்டன் வேக நேரமாகிவிட்டது. அவர்கள் ஏப்பம் விட்டபடி மைதானத்துக்கு வந்தபோது முதல் பாதி முடிந்திருந்தது, வளவன் இரண்டு கோல் போட்டிருந்தான். போகட்டும், இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறதே என்று ஜெயராமன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டாம் பாதி தொடங்கிய சூட்டிலேயே செயலர் கைபேசியைக் காதில் வைத்தபடி கோட்டோரம் வந்தார்.

"ஜெயராமன், கேப்டன் எங்க?"

"ஆடிக்கிட்டு இருக்கான் சார்."

"தலைவர் வடலூர் தாண்டிட்டாராம். கேட்ல இறங்குறப்ப கேப்டன்தான் மாலை போடணும். இன்விடேஷன்லயே போட்டிருக்கு."

"வெளிய எடுத்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க சார். ரூல்."

"ரெண்டு கோல் இருக்குல்ல? மூணாவது யாருக்கு, சாமிக்கா?"

முடியாது என்று ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். ஆனால் ஜெயராமனின் கழுத்துக்குப் பத்தொன்பது வருடப் பயிற்சி, அது அவரைக் கேட்காமலே ஆடியது. மாற்று ஆட்டக்காரன் சுபாஷ் உள்ளே ஓடினான். வளவன் வெளியே வந்தான்.

"சார், கால் நல்லாத்தான் சார் இருக்கு. எதுக்குக் கூப்ட்டீங்க?"

"சீஃப் கெஸ்ட் வர்றார்ப்பா."

"அவரு வந்தா? நான் இன்னா பண்ணணும்?"

வரவேற்புக் குழுவில் ஒருவர் அவன் கையில் ரோஜா மாலையைத் திணித்தார்.

வேர்வையில் நனைந்த பனியனோடு வளவன் கேட்டில் நின்றான். தலைவர் வரவில்லை. வடலூர் தாண்டியது அவருடைய சாமான் வண்டியாம். அவர் பின்னால் எங்கேயோ இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் சுபாஷின் முழங்காலில் பட்ட பந்து, அவனுக்கே தெரியாமல் கோலுக்குள் போனது. கடைசி விசில் ஊதி, கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகுதான் கார் வந்தது. வளவன் மாலை போட்டான். தலைவர் அவன் முதுகில் தட்டி, "என்ன படிக்கிறே?" என்று கேட்டார்.

ஜெயராமன் தேர்வாளர்களிடம் ஓடினார்.

"சார், மொத ரெண்டு கோலும் வளவன் போட்டது."

"எந்தப் பையன்?"

"கேட்ல மாலையோட நின்னான்ல, அவன்தான்."

"ஓ, அவனா! ரொம்ப மரியாதையான பையன் சார்" என்றார் இருவரில் மூத்தவர், உண்மையாகவே மனம் நெகிழ்ந்து. "ஆனா நாங்க பாத்ததுக்குத்தானே கையெழுத்துப் போட முடியும்? அந்த மூணாவது கோல் போட்டவன எடுத்திருக்கோம். என்ன பொசிஷனிங் சார் அவனுக்கு!"

மேடையில் ஜெயராமனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் கைக்கு வந்தது. நடந்ததை அப்படியே சொல்லிவிடுவது என்று படியேறும்போது முடிவு செய்திருந்தார். தேர்வாளர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள், இன்னும் நேரம் இருந்தது. வாயைத் திறந்தார். "தலைவரின் பொற்பாதம் பட்ட வேளையே நம் வெற்றிக்குக் காரணம்" என்று வந்தது. செயலர் முதலில் கைதட்டினார். அணியும் தட்டியது. வளவனும் தட்டினான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம்.

கூட்டம் கலையும்போது ஜெயராமன் அவனைத் தேடிப் பிடித்தார்.

"நான் யூனிவர்சிட்டிக்குப் போய்ப் பேசிப் பாக்கறேன்டா."

"வேணாம் சார்."

"காலைல பிராக்டிசுக்கு வந்துரு. மண்டலங்களுக்கு நடுவுல போட்டி இருக்குல்ல, நம்ம டீமுக்கு."

"யாராச்சும் பெரியவங்க வராங்களா சார்?"

"இல்லப்பா."

"அப்ப நான் எதுக்கு சார்?" என்றான். கேலியாகக் கேட்டதுபோலவும் தெரியவில்லை. பூட்ஸை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல் வடக்குத்துப் பக்கம் நடந்தான்.

கூப்பிட வேண்டும் என்றுதான் ஜெயராமன் நின்றார். அதற்குள் குரூப் போட்டோவுக்கு அழைத்தார்கள். போய், தலைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.