யார் சாவியில் ஏற்றுவது

விடியப்போகிற நேரம். கூடத்தில் எல்லாத் திரைகளும் எரிந்துகொண்டிருந்தன. ஏசிக் குளிரில் விரல்கள் விறைத்திருந்தன. கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. பிழையான சாஃப்ட்வேர் பேக்கேஜை ஆன்லைன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டு, பழைய பேக்கேஜை அந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள் பில்டு அக்கா. ஒரு கையால் தட்டச்சு, மறு கையால் பிடரியைப் பிடித்துவிட்டுக்கொள்வது என்று இரவு போயிருந்தது.

அலுவலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். புரோகிராமர்கள் எழுதும் நிரல், அதாவது கோடு, ஓரிடத்தில் வந்து சேரும். சேர்ந்ததும் பில்டு மெஷின் தானாக அதை எடுத்துப் பேக்கேஜாகக் கட்டி ஸ்டோரில் ஏற்றும். சலவை ஆலைகளின் பெரிய மெஷின்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மெஷின் கதவு எப்போது பூட்டவேண்டும், எப்போது திறக்கவேண்டும் என்பதை அந்தப் பேக்கேஜ்தான் தீர்மானிக்கும். கோடு சேரும் இடத்தையும் ஸ்டோரையும் இப்படி இணைத்து வைத்தவள் அவள்தான்.

முன்பு நடுவில் இன்னொரு வேலையும் இருந்தது. கூடத்து மூலையில் நிற்கும் சலவை மெஷினில் புதுப் பேக்கேஜைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஓடும்போதே யாராவது ஒருவர் கதவைப் பிடித்து இழுப்பார். திறக்கவில்லை என்றால்தான் பேக்கேஜ் ஸ்டோருக்குப் போகும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் அந்தக் கதவைத்தான் இழுக்க விடுவார்கள். நனையாமல் வந்தால் வேலை நிரந்தரம் என்று கிண்டலும் உண்டு.

"எல்லாம் தானா ஓடுற காலத்துல கதவைப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கிறீங்களே! அதை எடுத்துடுங்க," என்று முதலாளி ஒரு கூட்டத்தில் சொன்னார். வாய்வார்த்தைதான், ஆனால் எல்லோரும் கேட்டார்கள். அவள் எடுத்துவிட்டாள்.

நேற்று ஓர் ஆலையில் கொதிநீர் வடியும் முன்பே கதவு திறந்துகொண்டது. துணி எடுக்கும் பெண்ணுக்கு முழங்கைவரை வெந்துவிட்டது.

வீட்டிலிருந்து கணவன் கூப்பிட்டான். "பாப்பா ஸ்கூலுக்குக் கிளம்பணும். எப்ப வர்ற?"

"நீங்களே தலை பின்னிவிட்டுடுங்க."

"நான் பின்னினா அழறா."

"அழட்டும். இன்னிக்கு ஒரு நாள்," என்றாள்.

முதலாளி வந்ததும் கண்ணாடி அறைக்குள் அவளைக் கூப்பிட்டார்.

"உட்காரும்மா. ஸ்டோர்ல அந்தப் பேக்கேஜை ஏத்தினது யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான் சார்."

ஸ்டோரின் விதி அது. கம்பெனியின் பெயரில் எதையும் ஏற்ற முடியாது. யாராவது ஒருவர், நான் பொறுப்பு என்று தன் சாவியைப் பில்டு மெஷினுக்குக் கொடுக்கவேண்டும். பாஸ்வேர்டு மாதிரி நீளமான எழுத்துக் கோவைதான் அந்தச் சாவி. இணைத்த அன்று, அவசரத்துக்கு அவள் தன்னுடையதைக் கொடுத்திருந்தாள்.

"அப்ப தப்பு உன்னோடதுதானே?"

"கதவை இழுத்துப் பார்க்க வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"நான் ஒரு யோசனை சொன்னேன். செஞ்சது நீ. இன்னியோட நின்னுக்கோ. ஆலைக்காரங்களுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்ல? நாமெல்லாம் ஒரே குடும்பம், கொஞ்சம் புரிஞ்சுக்கணும்."

"குடும்பத்துல ஒருத்தருக்குக் கை வெந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் சார் ஓடுவாங்க. யாரை வெளிய தள்ளலாம்னு பார்க்கமாட்டாங்க."

வெளியே வந்து உட்கார்ந்தாள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. பில்டு மெஷினிலிருந்து தன் சாவியை மட்டும் எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டி முடித்த பேக்கேஜ்கள் எதுவும் ஏறமுடியாமல் திரையில் வரிசையாகச் சிவப்பாக நின்றன.

அடுத்து, அவளோடு வேலை செய்யும் தாடிக்காரனைக் கூப்பிட்டார் முதலாளி. போன வேகத்திலேயே திரும்பி வந்தான்.

"என்னடா கேட்டார்?"

"என் சாவியைப் போடச் சொன்னார். வீட்டுல மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"அது வெறும் எழுத்துடா. வீட்டுல எப்படி மறப்ப?"

"அது அவருக்குத் தெரியுமா?"

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

"ரொம்ப நேரம் தாங்காதுக்கா. அடுத்து இவளைத்தான் கூப்பிடுவார்," என்றான் தாடிக்காரன்.

இவள் என்றது சோடாபுட்டியை. தடித்த கண்ணாடி போட்ட, சேர்ந்து அதிக நாளாகாத பெண். "வேலை போச்சுன்னா எங்கண்ணன் வேலைக்குப் போனது போதும், வீட்டுல இருன்னுடுவான்," என்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொடுத்துடும்மா. என் ஒருத்திக்காக யாரும் கெட்டுப்போக வேணாம்," என்றாள் பில்டு அக்கா.

"உங்களுக்காகன்னு யார் சொன்னா?" என்றாள் சோடாபுட்டி. " கதவைப் பார்க்காமலே அடுத்ததும் ஏறும். இன்னொருத்தர் கை வேகும். அன்னிக்கு அங்க என் பேர் இருக்கும்."

பில்டு அக்கா ஆலைக்கு போன் செய்தாள். வெந்தவளோடு வேலை செய்கிறவள் எடுத்தாள்.

"நீங்கதான் அதை ஏத்தினவங்களா? எந்த முகத்தோட போன் பண்றீங்க?"

பில்டு அக்கா மறுக்கவில்லை. நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல் குறைந்தது; அவள் தள்ளி வந்திருக்கவேண்டும்.

"உங்க கதவுகிட்ட ஆளை எடுத்தாங்க. எங்க மெஷின்கிட்டயும் கூட நின்ன ஆளை எடுத்தாங்க. அவ இருந்திருந்தா, கதவு திறக்குதுன்னு ஒரு குரல் கொடுத்திருப்பா," என்றாள் அவள் மெதுவாக. "நீங்க பார்க்காம எதையும் அனுப்பாதீங்க. பார்க்காததை நாங்களும் ஓட்டமாட்டோம். இங்க எல்லார்கிட்டயும் பேசுறேன்."

போனை வைத்ததும் பேசி முடிவு செய்தார்கள். கதவை இழுத்துப் பார்க்கும் வேலை திரும்ப வரவேண்டும். வெந்தவளின் வைத்தியத்தைக் கம்பெனி பார்க்கவேண்டும். அக்காவை நிறுத்தக் கூடாது. அதுவரை ஒருத்தர் சாவியும் கிடையாது. "வெளியிலிருந்து யாரையாவது கூட்டி வந்துட்டா?" என்று ஒருவன் கேட்டான். வரலாம்தான்.

கண்ணாடி அறையிலிருந்து சோடாபுட்டிக்கு அழைப்பு வந்தது. அவள் எழுந்தாள். பின்னால் நாற்காலிகள் உருளும் சத்தம் கேட்டது.

"நான் ஒருத்தரைத்தானே கூப்பிட்டேன்?" என்றார் முதலாளி.

"சாவி கேட்டா எல்லாரும்தான் சார் வருவோம்." சோடாபுட்டி முழுதாகச் சொல்லி முடித்தாள்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் பில்டு அக்காவின் பக்கம் பார்வையைத் திருப்பினார். "எவ்வளவு நேரம் இப்படியே நிப்பீங்க?"

இரவெல்லாம் விழித்த கால்கள் வலித்தன. பக்கத்திலிருந்த தாடிக்காரனின் தோளில் கை ஊன்றிக்கொண்டாள்.

"மாத்தி மாத்தி நிப்போம் சார்," என்றாள்.