சாணமிட்டு மெழுகிய பாலம்

தொண்ணூற்று நான்காம் ஆண்டின் மாசிப்பனி மெல்ல விலக, விளைந்த நெல்லின் மணம் காற்றிலே தவழ, குளக்கட்டின் மருதமரங்கள் இளவெயிலில் நீராடிய காலைப்பொழுதில், நெளுக்குளத்து வயல்களையும் வவுனியா நகரையும் இணைத்து, இருப்புப்பாதையின் மேலே பல்லுதிர்ந்த கிழவனென முதுகு கூனிக் கிடந்தது பழம்பாலம். போரால் வடக்கே போக வழியின்றி வவுனியாவோடு திரும்பும் புகைவண்டி கீழே ஊருந்தோறும் அதன் காரை உதிரும். சென்ற மாரியில் வீரகத்தியின் எருது அங்கே கால் புதைந்து முடமாயிற்று. அன்றுமுதல் உழவர் மூட்டைகளைத் தலையில் சுமந்து கடந்து, வெறும்வண்டியைப் பின்னர் ஓட்டிச் செல்வாராயினர். இனியும் சுமந்தால் கழுத்து நரம்பு நசிந்து கை விளங்காது என்று வீரகத்தியின் மனைவி கமலேஸ்வரியை மருத்துவர் எச்சரித்திருந்தார். புதுப்பாலம் ஒன்றே அவள் வேண்டுதல்.

பாலத்தை மாற்றலாமா என ஆராயப் பொறியியலாளர் வருகிறார் என்றதும், ஊர்மன்றத் தலைவர் நல்லதம்பி, தாமே அதனைப் பெற்றெடுத்தவர்போல் மார்பு விரித்தார். ஓட்டைகளில் பனஞ்சலாகை செருகி, வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து, சாணமிட்டு மெழுகி, கோலமிட்டு, நிறைகுடமும் வைக்கப் பணித்தார்.

"புண்ணை மூடிப்போட்டே பரியாரியாரைக் கூப்பிடுறியள், தலைவர்?" என்றாள் கமலேஸ்வரி.

"விசர்க்கதை கதையாதை பிள்ளை! ஊருக்கொரு மரியாதை வேண்டாமே?"

"மரியாதைக்குக் கழுத்து நோகாது. எனக்கெல்லோ நோகுது."

பொறியியலாளர் வந்தார், மாலை ஏற்றார், இளநீர் அருந்தினார், ஈ மொய்க்கும் சாணத்தின்மேல், கோலம் கலையாவண்ணம் கால்தூக்கி நடந்தார். வழக்கம்போல் வெறுமையாய்க் கடந்த வண்டியொன்றையும் கண்டார்.

"பார வண்டியள் இதால போறேல்லைப்போல?"

"இல்லை ஐயா! பாலத்தைக் கண்ணுக்குள்ள வைச்செல்லோ பாக்கிறம்!" என்றார் தலைவர்.

கற்றறிந்த அன்பர்களே, குமட்டலை அடக்கிக்கொண்டு கேண்மின்: மூன்றாம் நாளே புகைவண்டியின் அதிர்வில் மெழுகல் முழுதும் தண்டவாளத்தில் உதிர்ந்தது. பத்தாம் நாள் மடல் வந்தது. பாலம் உறுதியுடையது, பாரவண்டிகள் செல்வதில்லை, பத்தாண்டுக்கு மாற்றவேண்டா, ஊரவரின் பேணுகை பாராட்டத்தக்கது. அம்மடலுக்குச் சட்டமிட்டு மன்றத்தில் தொங்கவிட்டு, அதன்கீழ் அமர்ந்து வெற்றிலை மென்றார் நல்லதம்பி.

ஆவணியில், சிறுபோக நெல்லுடன் அவர் வண்டியும் பாலத்தருகே வந்து நின்றது. சும்மாட்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்த கமலேஸ்வரி ஏறிட்டாள்.

"ஏன் தலைவர் நிக்கிறியள்? உறுதியான பாலமெண்டு சட்டம் போட்டுத் தொங்குதெல்லோ. ஓட்டுங்கோவன்!"

அவர் தம் எருதுகளின் கால்களை நெடுநேரம் நோக்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் மூட்டைக்குத் தலை குனிந்தார். அவருக்கு முன்னே, உணர்விழந்த வலக்கையைத் தொங்கவிட்டு, இடக்கையால் மூட்டையைப் பற்றியவாறு அவள் நடந்தாள். மெழுகலின் ஆயுள் மூன்று நாள். மடலின் ஆயுள் பத்தாண்டு. அதுவரை தாங்கவேண்டியது அவள் கழுத்து.