இது யார் முட்டி?

“அக்கா, நூத்தி முப்பத்தொண்ணு டிகிரி! கலக்கிட்டீங்க போங்க!”

பிசியோதெரபிப் பொண்ணு போனிலேயே துள்ளிக் குதித்தாள். சோபாவில் காலை நீட்டியிருந்த கிளட்ச் அக்கா, அந்த இடது காலையே ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். துருப்பிடித்த கீல் மாதிரி பாதியில் நின்றுவிடும் கால் அது. நேற்று வரை எண்பத்துநாலைத் தாண்டாதது, ஒரே ராத்திரியில் எப்படி இளகியது?

நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். கியர் மாறுவதே பயணிகளுக்குத் தெரியாது என்பதால் டெப்போவில் எல்லோருக்கும் அவள் கிளட்ச் அக்காதான். முட்டியில் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடக்கிறாள். திங்கட்கிழமைக்குள் முட்டி நூறு டிகிரி மடங்கினால் ஸ்டியரிங். இல்லையென்றால் இனி நிரந்தரமாக டிக்கெட் கவுன்டர் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, தன் வண்டியை எவனோ கரகரவென்று கியர் போட்டு ஓட்டிப்போவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கிளினிக்கில் கொடுத்தது தீப்பெட்டி அளவில் இரண்டு சென்சார். ஒரு ஜோடி செருப்பு விலைகூட இல்லை. ஒன்றைத் தொடையிலும் ஒன்றைக் கெண்டைக்காலிலும் பட்டையால் கட்டிக்கொண்டு மடக்கினால், எவ்வளவு மடங்கியது என்று போன் வழியாகக் கிளினிக்குக்குப் போய்விடும்.

“ஏம்மா, அது என் முட்டி இல்ல,” என்றாள்.

“உங்க பேர்லதானேக்கா வந்திருக்கு?”

“பேர் என்னுது. முட்டி என்னுது இல்ல.”

“வேலைக்குப் போற நேரத்துல பயம் வர்றது சகஜம்க்கா. நம்பர் பொய் சொல்லாது. நான் டெப்போவுக்கு லெட்டர் அடிச்சிடறேன்.”

“அடிக்காதே! அய்யோ, நான் சொல்றதக் கொஞ்சம்…”

போன் வைக்கப்பட்டுவிட்டது. முட்டி யாருடையது என்று அவள் சொன்னால் எடுபடாது, பெட்டி சொன்னால் எடுபடும். தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்ட டிவியோடு உட்கார்ந்திருந்த டிவி மெக்கானிக் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை டிவிக்குள்ளேயே விட்டுக்கொண்டார்.

“ஏங்க.”

“ம்.”

“அந்தப் பெட்டியத் தொட்டீங்களா?”

“தொடல. கட்டித்தான் பாத்தேன்.”

“எதுல?”

“என் கால்லதான், வேற எதுல? காலைல நீ குளிக்கப் போயிருந்த. மாசக்கணக்கா எண்பத்துநாலு, எண்பத்துநாலுன்னா கோளாறு எங்கன்னு பாக்க வேணாமா? படம் வரலன்னா நல்ல லைன்ல மாட்டிப் பாப்போம்ல, அந்த மாதிரி. பெட்டில தப்பே இல்ல டிரைவரம்மா. அருமையா வேலை செய்யுது.”

“அருமையா வேலை செஞ்சு என் மானத்த வாங்கிருச்சு! அறுபது பேர ஏத்திக்கிட்டு நட்டநடு ரோட்டுல கிளட்ச் மிதிக்க முடியாம நின்னா, உங்க முட்டியா வந்து மிதிக்கும்?”

“கோவப்படாத. எப்படிக் கட்டினேன்னு காட்டறேன், நீயே பொண்ணுகிட்ட எடுத்துச் சொல்லு.”

வேட்டியை முழங்காலுக்கு மேல் வழித்துவிட்டு நின்றார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். கெண்டைக்காலைச் சுற்றி, காலையில் கட்டிய பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்து கிடந்தது.

தன் காலைத் தடவிப் பார்த்தாள். இத்தனை நாள் கட்டிவிட்டவர் அவர்தான். ஒரு நாள்கூட இப்படித் தடம் விழுந்ததில்லை.

“எனக்கு மட்டும் ஏன் தொளதொளன்னு கட்டினீங்க?”

அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டினார். “தழும்பு பக்கத்துல இருக்கு. இறுக்கினா வலிக்குமேன்னு…”

அவளுக்கு அழுவதா, அந்த ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை. கால் மடங்க மடங்கப் பட்டை வழுக்கி, பெட்டி தன் பாட்டுக்குத் தொங்கியிருக்கிறது. அதனால்தான் அளவு எண்பத்துநாலிலேயே நின்றிருக்கிறது.

“போன் போடுங்க. முகம் தெரியற மாதிரி.”

பொண்ணு போன் திரையில் வருவதற்குள் அவளே இரண்டு பட்டையையும் நறுக்கென்று இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“லெட்டர் போயிருச்சா?”

“அடிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா.”

“கைய எடு. நல்லாப் பாரு.”

மடக்கினாள். எண்பத்துநாலு சுலபமாகக் கடந்துபோனது. தொண்ணூறு. தொண்ணூத்தாறு. அங்கே பிடித்துக்கொண்டது. நெற்றியில் வியர்வை கொட்டியது.

“மூச்சு விடு,” என்றார் கணவர்.

“நீங்க வாய மூடுங்க! நல்ல லைனாம், மாட்டிப் பாத்தாராம்! மனுஷன் காலா, டிவி ஆன்டெனாவா…”

“திட்டும்மா, திட்டு, ஏறுது,” என்றார் அவர்.

“போதும்க்கா, நிறுத்துங்க,” என்றாள் பொண்ணு. “நூத்தி ஒண்ணு.” சற்று யோசித்து, சந்தேகமாகக் கேட்டாள்: “இது யாரோட கால்?”

கிளட்ச் அக்கா போனைப் பிடுங்கித் தழும்புக்கு நேராகக் காட்டினாள். “நல்லாப் பாரு! உங்க டாக்டர் போட்ட தையல்தானே?”

“சரிக்கா, சரிக்கா. ஆனா லெட்டர்ல நூத்தி முப்பத்தொண்ணு போட மாட்டேன். திங்கக்கிழமை டெப்போக்குள்ள காலி வண்டிய ஓட்டிக் காட்டுங்க. நானும் வரேன். அப்புறம் எழுதறேன்.”

“அது நியாயம்,” என்றாள்.

போனை வைத்ததும் கணவர் குனிந்து பட்டையை அவிழ்த்தார். அவள் காலிலும் சிவப்பாகத் தடம்.

“வலிச்சுதா?”

“வலிக்காம? நாளைக்கும் இதே மாதிரி கட்டுங்க. கை நடுங்குச்சோ, அந்த டிவிய உங்க தலைலயே போட்டு உடைப்பேன்.”