இடது பையில் ஈயம், வலது பையில் செம்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளில் பிடித்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்குப் பொட்டுவெடி வைத்துச் சுடுவது. அமெரிக்காவின் மொன்டானாவில் பத்தொன்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரே வேட்டைக்குப் போகும் நவம்பரில் கடையைத் திறந்துவைத்து ஈ ஓட்டுவேன். அப்படி ஒரு நாள், ஊரின் பழுத்த வேட்டைக்காரர் வெர்லின் வந்தார்.

"என் கண்ணைக் கொஞ்சம் பாருங்க. கோளாறு கண்ணுலதான்னு சொல்லிட்டீங்கன்னா நிம்மதியாப் போயிடும்."

கண்ணில் ஒரு குறையும் இல்லை. வந்தது வினை, இந்தக் கதை.

2

தொடக்கம் ஒன்று: "பனி மூடிய மலைச்சரிவில் விடியலின் செவ்வொளி..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

தொடக்கம் இரண்டு: "துப்பாக்கிக்குண்டு என்பது மனிதனின்..." மனிதனின் என்ன? தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேனா?

தொடக்கம் மூன்று: வெர்லினின் மகள் டார்சி ஏழு மாதக் கர்ப்பிணி. இது பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்வோம்.

3

வெர்லின் அன்பை வாயால் சொல்கிற ஆளில்லை. வருடா வருடம் குதிரை உயரத்துக்கு ஒரு எல்க் மானைச் சுட்டு, அறுத்து, வெள்ளைத்தாளில் பொட்டலம் கட்டி, மகள் வீட்டு ஃப்ரீசரை நிரப்பிவிடுவார். முப்பத்தொரு வருடமாக ஒரே ஈயக்குண்டு. தோட்டாவைக் கொட்டகையில் தானே அடைப்பார். ஈயம் உடம்புக்குள் பொடியாகிச் சிதறும், மான் நின்ற இடத்தில் விழும்.

அந்தப் பொடிதான் வம்பு. கறியோடு உள்ளே போனால் வயிற்றுப் பிள்ளைக்கு விஷம்.

"அப்பா, ஈயக்குண்டு பட்ட மான் இந்தத் தடவை எனக்கு வேண்டாம்," என்றாள் டார்சி. "ரெண்டு தடவை வயித்துப் பிள்ளையை இழந்தாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது."

"நாங்கல்லாம் அதைத் தின்னுதானே வளந்தோம்?"

"தெரியும்ப்பா. கோவிச்சுக்காதீங்க. நான் கடையில கோழி வாங்கிக்கறேன்."

கடைக் கோழி! அந்த மனிதரை அதற்குமேல் யாரும் அவமதித்ததில்லை. (இங்கே அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவர் போய் விறகு பிளந்தார்.)

4

மறுநாள் ஐம்பது மைல் தள்ளி, தெரிந்த முகமே இல்லாத கடையில் செம்புக்குண்டுத் தோட்டா வாங்கினார். செம்பு சிதறாது. ஆனால் குண்டு மாறினால் அது போய்ப்படும் இடமும் மாறும். பலகையில் சுட்டுப் பார்த்து, குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பைத் திருத்த வேண்டும். ஊருக்கே இதைச் சொல்லிக்கொடுப்பவர் வெர்லின்தான்.

சுடுகளம்வரை போனார். வண்டியை விட்டு இறங்குமுன் பள்ளித்தோழர் ராய்ஸின் குரல் கேட்டது.

"செம்பா? அது மனசு இளகின கலிஃபோர்னியாக்காரன் சுடுறதுடா! அடுத்து என்ன, மானுக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதப்போறியா?"

கேலி வேறு யாரோ ஒருவனுக்கு. ஆனாலும் வெர்லின் சுட்டுப் பார்க்காமலே வண்டியைத் திருப்பிவிட்டார்.*

* சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கதையை ஒருவருக்கும் காட்டாமல்தான் பத்திரிகைக்கு அனுப்புவேன்.

5

வேட்டைப் பருவத்தின் முதல் காலை. இருநூறு கெஜத்தில் கொம்பு விரித்த ஆண் எல்க். விலாவுக்குக் குறிவைத்தார். செம்புக்குண்டு முன்னங்காலை முறித்தது.

மான் மூன்று காலில் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் போய் நின்றது. நெருங்கினால் மரங்களுக்குள் ஓடி, நாள்கணக்கில் சாகும். பிசகியது குண்டா, கையா, கண்ணா? அது தெரியாமல் திருத்திக் குறிவைக்கவும் வழியில்லை.

வலது பையில் செம்பு. இடது பையில், பழக்கதோஷத்தில் போட்டுவந்த ஈயம் ஒன்று. ஈயம் எங்கே போகும் என்று அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரே சூட்டில் வலி முடிந்துவிடும், டார்சிக்குக் கடைக் கோழி. செம்பு சரியாகப் பட்டால் மகளுக்குக் கறி. படாவிட்டால்...

என் கடையில் உட்கார்ந்து இதுவரை சொன்ன வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அப்புறம்?" என்றேன்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்ப சரி," என்று போய்விட்டார்.

6

முடிவு அ: செம்பு, சரியாகப் பட்டது, பேத்தி பிறந்தாள். ரொம்ப இனிக்கிறது.

முடிவு ஆ: ஈயம். கறி முழுவதையும் ராய்ஸிடம் கொடுக்கிறார். "என்னடா திடீர்னு?" என்று ராய்ஸ் கேட்க, வெர்லின்... (என்ன சொல்வார்? எனக்கு வசனம் வராது.)

முடிவு இ: மான் பிழைத்துக்கொள்கிறது. மூன்று காலில், அந்தப் பனியில்! எனக்கு வெட்கமே இல்லை.

நான்கு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டு, எந்த முடிவு கலையாக இருக்கும் என்று யோசித்தேன். நேற்றுதான் உறைத்தது. இந்த நான்கு நாளும் அந்த மான் எதிர்ச்சரிவில் மூன்று காலில் நிற்கிறது. நான் எழுதினால்தான் அது விழ முடியும்.

நான் கோழை, என்னால் ஆகாது. இரண்டு பையும் திறந்திருக்கின்றன, நீங்கள் எடுங்கள். சீக்கிரம் எடுங்கள், அதற்கு வலிக்கிறது.