செவ்வாய்க்கிழமை கமிட்

ஜெயபாண்டியிடம் ஒரு மென்பொருள் வெளியீட்டை ஒப்படைப்பதும் கல்யாணப் பத்திரிகையை ஒப்படைப்பதும் ஒன்றுதான் என்று ஜஸீலா வெள்ளிக்கிழமை காலையில் பல்லைக் கடித்துக்கொண்டாள். யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது அந்த மனிதருக்கு!

அந்த மென்பொருள் ஓடுவது, விசைத்தறிக்குள் கை போனால் தறியை நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டியில். அதன் நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஆரம்பித்து வைத்தவர் கப்பலூரில் வேலை பார்க்கும் ஜெயபாண்டி. செல்லூரில் தன் அத்தாவின் தறிக்கூடத்தில் வைத்து அதைச் சோதிப்பவள் ஜஸீலா. ஒவ்வொரு திருத்தம் சேரும்போதும் ஒரு கமிட் விழும். அவற்றில் ஒன்றைப் பிடித்து டேக் என்ற முத்திரையைப் போட்டால் அதுதான் வெளியீடு. தறிக்கூடங்கள் அதைத்தான் இறக்கிக்கொள்ளும். இன்று பகல் பன்னிரண்டு மணிக்குப் போடுவதாக ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று.

பதினோரு மணிக்குப் பார்த்தால் புதிதாக ஏழு கமிட். ஜஸீலா போனை எடுத்தாள்.

"அண்ணே, செவ்வாக்கெழம சோதிச்சாச்சுன்னு சொன்னேன்ல? அதுக்கு மேல இம்புட்டயும் எதுக்குண்ணே சேத்தீங்க?"

"ஏழு பேரும்மா. ஒருத்தன் ரெண்டு மாசமாக் கெஞ்சுறான். விட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாய்ங்க. கடைசிக் கமிட்டுல டேக்கப் போட்டா எல்லாரும் உள்ள வந்துருவாங்கள்ல?"

"வந்துருவாங்க. முத்துத்தாய் அக்கா கையும் உள்ள போயிரும்."

போனை வைத்துவிட்டாள். எதிரே தறியோட்டும் முத்துத்தாய் நின்றிருந்தாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு விரலைத் தறிக்குக் கொடுத்தவள். இந்தப் பெட்டியை நம்பி ஓட்டலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது ஜஸீலாதான்.

ஏழையும் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய கமிட்டைத் தறியில் ஏற்றினாள். "இதுலதான்க்கா டேக் போடப்போறேன். இது நான் பாத்தது."

"எதுக்கும் ஒருக்காக் கட்டைய விட்டுக் காட்டு தாயி."

நேரமில்லாத நேரத்தில் இது வேறு. எரிச்சலோடு மூங்கில் கட்டையை உள்ளே நீட்டினாள். தறி நின்றது, மணி அடித்தது. மணி ஓய்ந்ததும் தறி தானாகவே கிளம்பி, கட்டையை முறித்துப் போட்டது.

முத்துத்தாய் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ஏழு பேருடையதும்தான் இதில் இல்லையே! ஜஸீலா கமிட் பட்டியலைத் திறந்தாள். ஏற்றியது செவ்வாய்க்கிழமை கமிட் இல்லை; புதன்கிழமை கமிட், இரண்டே வரி. இரைச்சலில் மணி கேட்கவில்லை என்று முத்துத்தாய் சொன்னதற்காக, மணி அடிக்கும் நேரத்தை நீட்டி ஜஸீலாவே எழுதிச் சேர்த்தது. ரெண்டு வரிதானே, இதற்கு என்ன சோதனை என்று அன்று விட்டிருந்தாள். சேர்த்ததே மறந்து போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை கமிட்டை ஏற்றினாள். புதுக் கட்டையை நீட்டினாள். தறி நின்றது, ஐந்து நிமிடம் காத்திருந்தும் அசையவில்லை. பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது அதற்கே டேக் போட்டாள்.

உடனே ஜெயபாண்டி அழைத்தார். "ஏம்மா, இப்பிடிப் பண்ணிட்டியே! அந்த ஏழு பேருக்கும் நான் என்ன பதில் சொல்ல?"

"எட்டுப் பேருண்ணே," என்றாள் ஜஸீலா. "கட்டைய முறிச்சது ஏந் திருத்தந்தான்."