மூணு வெள்ளைப் புள்ளி

மூணு வருஷமா வராத போன் அன்னைக்குத்தான் வரணுமா? காரோட வயித்தை நான் திறந்து போட்டிருந்த நேரத்துல!

தம்பி பொண்டாட்டிதான் எடுத்தா. கேட்டவ அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா.

"மாமா, ஆஸ்பத்திரியிலிருந்து. அவருக்குக் கிட்னி கிடைச்சிருச்சாம். பதினொன்றரைக்குள்ள அங்க இருக்கணுமாம். இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்களாம்."

மணி ஒன்பது. ரெண்டு மணி நேர ஓட்டம்.

அந்தப் போனுக்காகத்தான் நான் காரையே பிரிச்சேன். ஒரு வாரமா வாட்டர் பம்ப் ஒழுகிட்டு இருந்துச்சு. அந்த பம்பைச் சுத்துறதே டைமிங் பெல்ட்தான். பம்ப் இறுகிப் போனா பெல்ட் அறுந்து இன்ஜினே காலி. தம்பியை ஏத்திக்கிட்டு நடுரோட்டுல நிக்கவா? ஞாயித்துக்கிழமை யாரு கூப்பிடப் போறாங்கன்னு விடிஞ்சதும் ஸ்பேனரை எடுத்துட்டேன். என் கிட்னி அவனுக்குப் பொருந்தலைன்னு டாக்டர் சொன்ன ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறல. நான் அவனுக்குக் குடுக்க முடிஞ்சது இந்தக் கார் ஒண்ணுதான்.

"டாக்ஸிக்குச் சொல்லவா மாமா? வர அரை மணி ஆகும்."

"டாக்ஸியாவது மண்ணாவது! புதுப் பம்ப் மாட்டியாச்சு, பெல்ட் மட்டும்தான் பாக்கி. இருபதே நிமிஷம். நீ போய்ப் பையைக் கட்டு."

நான் பெருமைக்குச் சொல்லல. நெஜமாவே இருபது நிமிஷ வேலைதான். பெல்ட் ஓட மேல ரெண்டு பல்சக்கரம், கீழ ஒண்ணு. பழைய பெல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூணு சக்கரத்துலயும், அதுக்கு நேரா இன்ஜின் உடம்புலயும் வெள்ளைப் பெயிண்ட்டால புள்ளி வச்சிருந்தேன். புள்ளிக்குப் புள்ளி நேரா நிறுத்தி புது பெல்ட்டை மாட்டணும். ஒரு பல்லு தப்பினாலும் உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும்.

புது பெல்ட்டை எடுக்க உள்ள ஓடினேன். திரும்பி வந்தா, தம்பி ஸ்டூலைப் போட்டு இன்ஜின் பக்கத்துல உட்கார்ந்திருக்கான். கையில பெட்ரோல் நனைச்ச துணி. சக்கரம் மூணும் பளபளன்னு இருக்கு.

"ஒரே அழுக்குண்ணே. சும்மாதானே இருந்தேன், துடைச்சு வச்சேன்."

"வெள்ளையா புள்ளி இருந்துச்சேடா?"

"ஆமா, பெயிண்ட் சிந்தியிருந்துச்சு. அதையும் எடுத்துட்டேன். மேல இருக்கற சக்கரத்தைத் தொட்டதும் டக்குனு தானா சுத்திக்கிச்சுண்ணே."

போச்சு! அடையாளமும் போச்சு, சக்கரமும் இடம் மாறிடுச்சு. இவன் அப்படித்தான். மூணு வருஷமா எதையும் தூக்காதே, எதையும் தொடாதேன்னு உட்கார வச்சிருக்கோம். கண்ணுல பட்டதையெல்லாம் துடைப்பான். சுவிட்ச் போர்டு, செருப்பு, கேஸ் அடுப்பு, இப்போ என் இன்ஜின்.

"என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டியேடா, பாவி! உன்னை யாருடா கை வைக்கச் சொன்னா? நீ செத்தா உன்னாலயேதான்டா சாவ!"

அவன் துணியை நாலா மடிச்சு மடியில வச்சுக்கிட்டான்.

கம்பெனிக்காரன் வார்ப்புலயே போட்ட அடையாளம் எங்கேயாவது இருக்கும்னு டார்ச் அடிச்சுத் தேடினேன். மேல ஒண்ணு கிடைச்சுது. கீழ எது கோடு, எது கீறல்னு தெரியல. குத்துமதிப்பா பெல்ட்டை மாட்டி, நீளமான ஸ்பேனரைப் போட்டு மெதுவாக் கையால சுத்திப் பாத்தேன். பாதிச் சுத்துல ணங்குனு நின்னுடுச்சு. கழட்டினேன். ஒரு பல்லு தள்ளி மாட்டினேன். மறுபடியும் ணங். வேர்வை கண்ணுல இறங்குது, துடைச்சா கிரீஸ் எரியுது. டாக்ஸியை வேண்டாம்னு சொன்ன என் வாயை நானே கிழிச்சுக்கலாம் போல இருந்துச்சு. இப்போ கூப்பிட்டா வந்து சேர பத்து மணி ஆயிடும். ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டே அழுதுட்டேன். வெக்கமெல்லாம் பாக்கல.

தெருவுல ஹாரன் சத்தம். டாக்ஸி!

தம்பி பொண்டாட்டி பையோட வெளியே வந்தா. "உங்க இருபது நிமிஷத்தைப் பதினோரு வருஷமா பாத்துட்டு இருக்கேன் மாமா. நீங்க வேண்டாம்னதும் அடுப்படியில நின்னு டாக்ஸிக்குப் போன்ல சொல்லிட்டேன். பாப்பா தூங்குறா, நீங்க இருந்து பாத்துக்கோங்க."

நான் தலையாட்டினேன். அவனைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா. கதவைச் சாத்தினா. வண்டி தெருமுனை திரும்பிடுச்சு.

அப்பத்தான் உறைச்சுது. நான் அவன்கிட்ட கடைசியாப் பேசினது என்ன? நீ செத்தா உன்னாலயேதான்டா சாவ.

பாவிப்பய நான்! கிரீஸ் கையோடவே அவ போனுக்கு அடிச்சேன். அவன்கிட்ட குடும்மான்னேன்.

"டேய்..." நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவனே முந்திக்கிட்டான்.

"அண்ணே, எல்லாம் நல்லபடியா முடிஞ்சா எப்போ வீட்டுக்கு விடுவாங்க?"

"ரெண்டு வாரம் ஆகும்டா."

"அதுக்குள்ள காரைச் சரி பண்ணிருவீங்களா? டாக்ஸி தூக்கித் தூக்கிப் போடுது. வரும்போது நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும்."

"நான்தான்டா வருவேன்"னு கத்தினேன். "வேற எவன் வருவான்?"