ஆலாவுக்குச் சொந்தம்

பவதாரிணியின் ஆராய்ச்சி வருடக்கணக்காக ஒரே ஒரு கல்லெலும்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தெற்குக் கடற்கரைப் பாறையில் அவளே கொத்தி எடுத்தது. ஏதோ ஒரு பறவையின் சிறகெலும்பு, காலப்போக்கில் கல்லாகவே மாறிப்போனது, சுண்டுவிரல் நீளம். ஆலா என்கிற கடற்பறவையின் மூதாதை என்று அவள் அடித்துச் சொன்னாள். கொக்காகத்தான் இருக்கும், அப்படியே எழுதி முடி என்றார் பேராசிரியர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்றைக்குப் பறக்கிற ஆலாவின் எலும்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் யார் நம்புவார்கள்? மதுரையில் ஆலாவுக்கு எங்கே போவது? கல்லூரி அலமாரியில் இருந்ததெல்லாம் கோழியும் புறாவும் ஒரு கொக்கும்தான்.

அப்போதுதான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து செய்தி வந்தது. கார்த்திகைப் புயலில் திசைதப்பிய ஆலா ஒன்று வெள்ளைத்துரை என்பவரின் வயலில் விழுந்து செத்ததாம். போட்டோவும் வந்தது, சந்தேகமே இல்லை. வனத்துறையில் மாதக்கணக்கில் அலையாய் அலைந்து அனுமதி வாங்கிக்கொண்டு ஓடினாள். மனுஷன் என்ன செய்திருந்தார் தெரியுமா? தன் ஜல்லிக்கட்டுக் காளையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் பூசி, உப்புப் போட்டு, மாலை வைத்து அடக்கம் பண்ணியிருந்தார். அநாதையாக வந்து விழுந்த பறவைக்கு அம்புட்டு மரியாதை!

தோண்டக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். வனத்துறைக் காகிதத்தை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். அடக்கம் பண்ணியதைத் திறப்பதென்றால் சொந்தக்காரர் வந்து கேட்க வேண்டும், அதுதான் வழக்கம் என்றார். பஸ் ஏறப் போன பவதாரிணி பாதி வழியில் திரும்பி வந்து, டப்பாவைத் திறந்து கல்லெலும்பை நீட்டினாள்.

“இது அதுக்குச் சொந்தமா இருக்கலாம்ணே. பல லட்சம் வருசத்துக்கு முந்துனது.”

“இருக்கலாமா? இல்லேன்னா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

“இல்லேன்னா இம்புட்டு நாள் நான் பட்ட பாடு வீண். தோண்டுனாத்தாண்ணே தெரியும்.”

அவர் எலும்பைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தார். பிறகு போய் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

மண் தன் வேலையை முடித்திருந்தது, எலும்புதான் மிச்சம். சிறகெலும்பை அலசித் துடைத்து, கல்லெலும்பின் பக்கத்தில் வைத்தாள். முழங்கை முனைக்குச் சற்று மேலே ஆலாவுக்கு ஒரு சின்ன முள் துருத்திக்கொண்டிருக்கும். கொக்குக்கு அப்படி இருக்காது. ஆலாவின் எலும்பில் முள் இருந்தது. கல்லெலும்பிலும் அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தது. கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“பங்காளிதாண்ணே,” என்றாள்.

வெள்ளைத்துரை தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் மனைவி சீனியம்மாள் யாரும் சொல்லாமலே வீட்டுக்குள் போய், சொம்பில் பால் கொண்டுவந்து கல்லெலும்பின் முன்னால் வைத்தார். குழியில சொந்தக்காரவுகதான் ஊத்தணும் என்றார். கல் எப்படி ஊற்றும்? யாரும் சிரிக்கவில்லை.

பவதாரிணி சொம்பை எடுத்தாள்.

“அதுக்குப் பதிலா நான் ஊத்துறேன் மதினி.”

ஊற்றும்போது, செத்தது தன் வீட்டுப் பறவை என்றே அவளுக்குத் தோன்றியது.